நான்கு விரற்கடை இரும்பு

உங்கள் மேசை லேசாக ஆடுகிறது, அம்மா. இந்தப் பக்கத்துக் கால் ஒரு நூல் அளவு குறை. ஒரு அட்டையை நான்காக மடித்துக் கீழே கொடுத்தால் நின்றுவிடும். எழுதும்போது பேனா ஏன் இழுக்கிறது என்று பேனாவை உதறிக்கொண்டிருந்தீர்கள், அதனால் சொன்னேன். தப்பாக நினைக்க வேண்டாம். என் கண் அப்படிப் பழகிவிட்டது.

முப்பத்தொரு வருடம் கடை கடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஒரு சின்னக் குழி இருக்கும். அதில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். எடை சரியாக இருந்தால் அந்த ஈயத்தின் மேல் வருட முத்திரை விழும். குறைந்தால் குறுக்குக் கோடு விழும். கோடு விழுந்த கல் அதற்குப் பிறகு வெறும் இரும்பு. ஒரு முறை காய்கறி விற்கிற அம்மாள் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் சார், ஒரு சுண்டைக்காய் எடைதான குறையுது? தேஞ்சு போச்சு சார். நானுந்தான் தேஞ்சு போயிருக்கேன், என் மேலயும் கோடு போட்டுடுவீங்களா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவளுடைய ஐந்து கற்களுக்கும் கோடு போட்டேன். அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறு யாரோ பூ விற்றுக்கொண்டிருந்தார்கள். என் மேல் ஒருவர்கூடப் புகார் எழுதியதில்லை. அலுவலகத்தில் எனக்கு 'நூல்' என்று பெயர். நூல் பிடித்ததுபோல் நடப்பவன் என்பதால். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

என் தங்கையின் கணவர் இறந்தது பற்றி உங்கள் ஸ்டேஷன் புத்தகத்தில் ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கிறது. விபத்து என்று போட்டிருக்கிறீர்கள். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். ஏன் வந்தேன் என்பது வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். நடுவில் கேள்வி கேட்டாலும் பரவாயில்லை, பதில் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அந்த வண்டி எனக்குக் கிடைத்தது. ஒரு பழைய மருத்துவமனையின் பின்பக்கம், உடைந்த கட்டில்களோடு கட்டிலாகக் கிடந்தது. நான்கு கதவு, உருண்டை விளக்கு, என்னைவிட இரண்டு வயது மூத்தது. கூரை வழியாக ஒரு செடி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் வாங்கியது ஒரு லேடி டாக்டர். அவருக்குப் பின் ஆறு பேர். பதிவுப் புத்தகத்தில் ஏழு கையெழுத்தும் இருந்தன. ஒரு பக்கம் கிழியவில்லை. எட்டாவது இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதெல்லாம் ஆகாதது.

ஒரு வண்டிக்கு அடையாளம் எது என்று உங்களைக் கேட்டால் பின்னால் மாட்டியிருக்கும் தகடு என்பீர்கள். தகடு சட்டை மாதிரி, கழற்றி மாற்றலாம். உண்மையான அடையாளம் சேஸிஸில் இருக்கிறது. வண்டியின் எலும்புக்கூடு அது. நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். வலது சட்டம் முன்பக்கத்தில் சற்று மேல்நோக்கி வளையும். அந்த வளைவின் அடிமுகத்தில் கம்பெனிக்காரன் ஆறு இலக்கம் குத்தியிருப்பான். மல்லாந்து படுத்தால்தான் தெரியும். நாலு, பூஜ்யம், ஏழு, ஒன்று, ஏழு, மூன்று. எந்திரத்தால் குத்தியதல்ல, யாரோ ஒரு தொழிலாளி சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்தது. முதல் ஏழு ஒருக்களித்துச் சாய்ந்திருக்கும். இரண்டாவது ஏழு நிமிர்ந்து நிற்கும். உலகத்தில் வேறு எந்த இரும்பிலும் அந்த இரண்டு ஏழும் அப்படி ஓர் ஒன்றுக்கு இரு பக்கமும் நிற்காது.

பழைய வண்டியைப் புதுப்பித்தால் பதிவு அலுவலகத்தில் இருந்து ஆய்வாளர் வருவார். மெல்லிய தாளை எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வரும். பென்சில் பிரின்ட் என்பார்கள். அதை முதல் பதிவின்போது எடுத்த பிரின்ட்டின் மேல் வைத்து விளக்கில் பிடிப்பார். பொருந்த வேண்டும். பொருந்தினால் மட்டும் போதாது. எண் குத்திய சட்டம் பிறந்தபோது இருந்த அதே இரும்பாக, வெட்டோ ஒட்டோ இல்லாமல் இருக்க வேண்டும். இருந்தால் பழைய எண், பழைய பிறந்த வருடம், ஏழு கையெழுத்துக்குக் கீழே எட்டாவது கையெழுத்து. இல்லாவிட்டால் புது எண். புத்தகத்தில் 'மறுகட்டு வண்டி' என்று சிவப்பு மையில் எழுதுவார்கள். அதோடு பழைய எண்ணின் ஒவ்வொரு இலக்கத்தின் மேலும் உளியால் ஒரு குறுக்குக் கோடு.

உங்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம். வாழ்நாள் முழுக்கக் கோடு போட்டவனுக்கு அது என்ன என்று தெரியும்.

என் தங்கையின் கணவர் வெல்டர். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன், அவர் மச்சான் என்பார். அவருடைய வேலை தங்கமான வேலை. வாய் மட்டும் ஓட்டை. முகமூடியைத் தூக்கினால் பேச்சு, இறக்கினால் பாட்டு. பதினொரு வருடம் அந்த வண்டியில் எனக்குக் கை கொடுத்தார். நான் துரு சுரண்டுவேன், அவர் ஓட்டை அடைப்பார். ஒரு திருகுக்கு மூன்று நாள் தேடும் என்னைப் பார்த்து, "மச்சான், நீங்க இந்த வண்டியக் கட்டிக்கிட்டிருக்கலாம், செலவு மிச்சம்" என்பார். "மாப்பிள, நீங்க என் தங்கச்சியக் கட்டிக்கிட்டும் பாதி நாள் இங்கதான இருக்கீங்க" என்பேன். "அவ திட்டுவா. இது திட்டாது" என்பார். அவரை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாவது வருடம், மேலே இருந்த உடல் முழுவதையும் தூக்கி இறக்கிவிட்டு, வலது சட்டத்தைச் சுரண்டினோம். எண் இருந்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால் என் சுரண்டி உள்ளே போய்விட்டது. பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மாப்பிள்ளை சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். தட்டத் தட்டச் சத்தம் செத்துக்கொண்டே வந்தது. எண் இருந்த நான்கு விரற்கடை மட்டும் கணீரென்று கேட்டது.

"சட்டம் முடிஞ்சது மச்சான். தூக்கிப் போட்டுட்டு வேற போட்டாத்தான் ஆச்சு."

"நம்பர்?"

"நம்பர் இருக்கிற துண்டு நல்லா இருக்கு. அதை மட்டும் வெட்டி, புதுச் சட்டத்துல வெச்சு உள்ள இறக்கிடட்டுமா? ஒரு பயலும் கண்டுபிடிக்க முடியாது."

நான் மூன்று நாள் யோசித்தேன். எண் அதே எண். அந்த எண்ணைத் தாங்கும் இரும்பு அதே இரும்பு. அதைச் சுற்றி இருப்பது மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உடம்பில் எத்தனையோ மாறுகிறது, ஆள் மாறிவிடுகிறானா? யாரையும் ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றவில்லை. முப்பத்தொரு வருடம் ஒரு கள்ளக் கல்லுக்கு முத்திரை குத்தாதவன், அம்மா, நான்.

மாப்பிள்ளை அதை ஒரு வாரம் செய்தார். பாடவில்லை. ஊசி முனை அளவு ஒட்டு வைப்பார், ஆறவிடுவார், பக்கத்தில் அடுத்தது. பிறகு அரம் போட்டார், உப்புத்தாள் போட்டார், பழைய இரும்பில் இருந்த சொரசொரப்பை ஆணி நுனியால் புதிய இரும்பிலும் உண்டாக்கினார். முடித்த அன்று என்னைக் கீழே படுக்க வைத்து, விளக்கைப் பிடித்து, "எங்க, ஜாயின்ட்டக் காட்டுங்க பாப்போம்" என்றார். நான் விரல் வைத்த இடமெல்லாம் தப்பு. அவர் குழந்தை மாதிரி சிரித்தார்.

"இதை யாருக்கும் சொல்லக் கூடாது மாப்பிள."

"சொல்லல மச்சான்."

"தங்கச்சிக்கும்."

"அட, சொல்லலங்கிறேன்ல."

ஆனால் அம்மா, ஒரு மனிதன் தன் வாழ்க்கையிலேயே சிறந்த வேலையைச் செய்துவிட்டு, அது யார் கண்ணிலும் படாததுதான் அதன் சிறப்பு என்றால், அவன் என்ன செய்வான்? எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் சம்பந்தமே இல்லாமல், "உங்கண்ணன் வண்டியில ஒரு இடம் இருக்கு. அதை மட்டும் வெல்டிங் ஸ்கூல்ல காமிச்சா, வாத்தியார் வேலைய விட்டுட்டு வந்து என்கிட்ட கத்துக்குவான்" என்றார்.

"எந்த இடம்?" என்றாள் தங்கை.

அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன். "அது கம்பெனி ரகசியம்" என்று சமாளித்துவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார். தங்கை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "சின்னப் புள்ளைங்க மாதிரி ரெண்டு கிழவனுங்க" என்று எழுந்து போனாள்.

இதை வைத்து நீங்கள் ஒரு முடிவுக்கு வரக் கூடாது. நான் அவர் வாயை அடைக்க நினைத்தேன் என்று தங்கை உங்களிடம் சொல்லக்கூடும். அது இல்லை. அப்படி நினைத்திருந்தால் அன்றைக்கு நான் வேறு விதமாக நடந்திருப்பேன்.

அன்றைக்கு என்பது ஆய்வுக்கு நான்கு நாள் முன்பு. மத்தியானம் இரண்டு மணி ஆகப்போகிற நேரம். வண்டி கொட்டகையில் நின்றது. பெயின்ட் அடித்துப் பத்து நாள், தொட்டால் ரேகை விழும். முன்சக்கரங்கள் இரண்டையும் பாலிஷுக்காகக் கழற்றியிருந்தேன். இரும்பு ஸ்டாண்டு அடியில் பெயின்ட்டைச் சிராய்த்துவிடும் என்று அதை எடுத்துவிட்டு, இரண்டு மரக்கட்டைகளின் மேல் கம்பளித் துணியைச் சுற்றி, முன்பக்கத்தை அதன் மேல் உட்கார வைத்திருந்தேன். மாப்பிள்ளை வந்ததும் அதைத்தான் பார்த்தார்.

"என்ன மச்சான், வண்டிக்குக் குளிருதா?"

"சிராய்ப்பு விழக் கூடாதுன்னுதான்."

"வழுக்கப் போவுது."

"பத்து நாளா நிக்குது."

"பத்து நாளா அடியில நான் படுக்கல."

சிரித்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சைலன்சர் குழாயின் பிடியை முறுக்க உள்ளே நுழைந்தார். பத்து நிமிட வேலை. நான் கதவுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பானரை அவர் ஒரு தடவை இழுத்துப் பிடித்தார். வண்டி அசைந்தது. கம்பளி வழுக்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. முன்பக்கம் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இறங்கி உட்கார்ந்தது.

இதுவரைக்கும் விபத்து. உங்கள் புத்தகத்தில் எழுதியிருப்பது இதுவரைக்கும் சரி.

"மச்சான்" என்றார் அவர், கொஞ்சம் கழித்து.

"சொல்லுங்க மாப்பிள."

"இறங்கிடுச்சு."

"தெரியுது. எங்க படுது?"

"நெஞ்சுல. குறுக்குச் சட்டம். மூச்சு விட முடியுது. ஜாக்கை எடுங்க."

நான் ஜாக்கை எடுத்தேன். குனிந்து பார்த்தேன். இடப்பக்கம் சுவரை ஒட்டி இருந்தது, கை நுழையாது. நடுவில் அவர். வலது சட்டம் தரைக்கு இரண்டு விரல் உயரத்தில் இருந்தது. ஜாக்கின் தலை நுழைய ஒரே ஓர் இடம், முன்னால் சட்டம் மேல்நோக்கி வளையும் இடம். எண் இருக்கும் இடம்.

அவருக்கும் அது தெரிந்திருந்தது. "நம்ம இடத்துல வைங்க மச்சான்" என்றார். நம்ம இடம் என்றுதான் சொன்னார்.

"ஜாக்குல பல் இருக்கு மாப்பிள. நம்பர்ல கடிக்கும்."

"கடிச்சா கடிக்கட்டும்."

"ஜாயின்ட் விட்டுடும்."

அதற்கு அவருக்குக் கோபம் வந்தது. நெஞ்சின் மேல் வண்டியை வைத்துக்கொண்டு அவர் கோபப்பட்டது அதற்கு மட்டும்தான். "யாரு வெச்ச ஜாயின்ட்? விடாது. யானை ஏறினாலும் விடாது. நீங்க வெச்சு அடிங்க."

நான் ஜாக்கை உள்ளே தள்ளினேன். தலையில் இருந்த நாலு பல்லும் நேராக இரண்டு ஏழுகளுக்கும் அடியில் போய் நின்றன. சாய்ந்த ஏழின் மேல் ஒரு பல், நிமிர்ந்த ஏழின் மேல் ஒரு பல். எழுபது வருடமாகத் துரு தொடாத இடம். கைப்பிடியை இரண்டு முறை அடித்தால் போதும். அப்படியே வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு, நடுவில் கொடுக்க மெல்லிதாக ஏதாவது எடுத்து வருகிறேன் என்று சொல்லி வீட்டுக்குள் போனேன்.

தேடினேன். அதில் பொய் இல்லை. குளியலறைக் கால்மிதியடி தடிமன், நுழையாது. செருப்பின் தோலை அறுக்கலாமா என்று பார்த்தேன், கத்தி மொண்ணை. அட்டை நசுங்கிவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். கடைசியில் என் பழைய உத்தியோகப் பையின் தோல் மடிப்பு சரியாக இருக்கும் என்று பட்டது. அதன் தையலைப் பிரித்தேன். கிழித்தால் பை வீணாகிவிடும் என்பதால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

எதிரில் மரக்கடை இருக்கிறதே, ஏழெட்டு ஆட்கள் எப்போதும் இருப்பார்களே, ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். அவர்கள் வந்தால் கண்ட இடத்தில் கை வைத்துத் தூக்குவார்கள். மாப்பிள்ளை கீழே இருந்து சும்மா இருக்க மாட்டார். "ஜாயின்ட்ல பிடிங்கப்பா, தாங்கும்" என்று ஏழெட்டுப் பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். அவருக்கு அது பெருமை.

நான் தோலோடு திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. மூச்சுக்கு மூன்று சொல்தான் வந்தது.

"எங்க போனீங்க."

"தோல் எடுத்தேன். இப்ப வைக்கிறேன்."

"சீக்கிரம்."

மண்டி போட்டேன். தோலை ஜாக்கின் தலையில் வைத்து அளவு பார்த்தேன். சரியாக இருந்தது. இதை நான் மறைக்கவில்லை, சரியாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்தேன். அப்போது அவர் ஒன்று சொன்னார்.

"ஏன் மச்சான் இவ்ளோ பாக்குறீங்க. நம்பர் போனா போவுது. வேற நம்பர் குடுப்பாங்கல்ல."

பதினொரு வருடம், அம்மா. அந்த ஒரு வாரம் முழுக்கப் பாடாமல் உட்கார்ந்து அந்த எண்ணைக் காப்பாற்றிய மனிதர். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது இரும்பு வேலை. எந்த எண்ணாக இருந்தாலும் அவர் அதே அழகோடு ஒட்டியிருப்பார். எனக்கு ஆத்திரம் வரவில்லை. தராசுத் தட்டு மேலே ஏறும்போது நமக்குக் கோபமா வருகிறது? குறைந்தால் குறைகிறது.

நான் ஜாக்கை மெதுவாக வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்தினேன்.

"மச்சான்" என்றார். "என்ன பண்றீங்க."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் வண்டியின் அடித்தகட்டை விரலால் தட்டினார். தட்டுவார், நிறுத்துவார், தட்டுவார். அந்த நேரம் பார்த்து ஆணியில் தொங்கிய சட்டைக்குள் அவர் போன் அடித்தது. தங்கை. எடுக்காவிட்டால் கிளம்பி வந்துவிடுவாள், தெருமுனை தாண்டினால் அவள் வீடு. அவர் குரல் இருந்த நிலையில் அதைக் கேட்டு அவள் பயந்துவிடக் கூடாது என்று பெயின்ட் அடிக்கிற கம்ப்ரசரைப் போட்டேன். அது தடதடவென்று ஓடத் தொடங்கிய பிறகு எடுத்தேன்.

"அண்ணா? அவரு எங்க? சாப்பிட வரலையா?"

"வேலை முடியலம்மா. அடியில இருக்காரு."

"என்ன சத்தம்?"

"கம்ப்ரசர்."

"மூணு மணி ஆவப் போவுது. ஆறிப்போச்சுன்னு சொல்லு. சுட வெக்க மாட்டேன்."

"சொல்றேன்."

"நீயும் வந்துடு. ரசம் வெச்சிருக்கேன்."

"வரேன்மா."

போனை வைத்துவிட்டுக் கம்ப்ரசரை நிறுத்தினேன். தட்டல் நின்றிருந்தது. செத்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. "அவளா?" என்றார். ஆமாம் என்றேன். "மணி என்ன" என்று கேட்டார். மூன்றுக்கு ஐந்து நிமிடம் என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நான் உட்கார்ந்திருந்தேன். கதவுக் கைப்பிடியில் ஒரு ரேகை இருந்தது, அதைத் துடைத்தேன்.

மூன்றரைக்கு எதிர்க்கடைக்குப் போய்க் கூப்பிட்டேன். ஓடி வந்தார்கள். அவர்களும் அதே இடத்தில்தான் ஜாக் வைத்தார்கள், வேறு இடம் இல்லையே. நான் தோலை நீட்டினேன். ஒருவர் என் கையைத் தட்டிவிட்டார். இன்னொருவர், "விடுப்பா, பெரியவரு அதிர்ச்சியில இருக்காரு" என்றார். இரண்டே அடி. வண்டி எழுந்தது. ஒட்டு மயிரிழை விலகவில்லை. மாப்பிள்ளை சொன்னது சரிதான், தாங்கியது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அன்று சாயங்காலம், எல்லாரும் தங்கை வீட்டில் இருந்த நேரத்தில், மல்லாந்து படுத்துப் பார்த்தேன். கடைசி இலக்கமான மூன்றுக்கு வெளியே ஒரு சின்னக் கீறல். இலக்கங்களில் ஒன்றும் இல்லை.

"அவரு ஏதாவது சொன்னாரா அண்ணா?" என்று தங்கை கேட்டாள். இறங்கின உடனே போய்விட்டது, அவர் ஒன்றும் உணர்ந்திருக்க மாட்டார் என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். இரக்கத்தோடு சொன்ன பொய்க்குத் தண்டனை உண்டா என்று எனக்குத் தெரியாது.

ஆய்வு தள்ளிப்போய், ஒரு மாதம் கழித்து ஆய்வாளர் வந்தார். தடிக்கண்ணாடி போட்ட மனிதர், துக்கம் விசாரித்தார். அந்த இடத்தில் மல்லாந்து படுக்கத் தயங்கினார், பிறகு படுத்தார். தாளை வைத்துத் தேய்த்தார். இரண்டு ஏழும் எழுந்து வந்தன. பழைய பிரின்ட்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். சட்டம் முழுக்க விரலால் தடவினார், ஒட்டின் மேலேயே தடவிக்கொண்டு போனார். "இவ்ளோ சுத்தமான ஒரிஜினல் சேஸிஸ நான் பாத்ததே இல்ல சார்" என்றார். அதை மாப்பிள்ளை கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. எட்டாவது கையெழுத்தைப் போட்டேன்.

எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். தங்கைதான் விடவில்லை. போன வாரம் வந்து வாசலிலேயே நின்றாள். கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை.

"அந்த வண்டிய உடைச்சுப் போட்டுடு அண்ணா."

"அது என்னம்மா பண்ணுச்சு?"

"ஆள முழுங்கிட்டு நிக்குது. நீ அதத் துடைச்சுத் துடைச்சு வெக்கிற. எனக்குத் தூக்கம் வரல."

"கம்பளி வழுக்குச்சு. வண்டி மேல தப்பு இல்ல."

"அப்ப யாரு மேல தப்பு?" என்றாள்.

 அவள் நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்துவிட்டாள். நேற்று எனக்குக் கடிதம் வந்தது. வாகனத்தின் கோளாறால் உயிர்ச்சேதம் ஏற்பட்டதாகக் காவல் பதிவில் இருப்பதால், பத்து நாளில் வண்டி நசுக்கப்படும், எண் ரத்து செய்யப்படும். உளியோடு ஆள் வருவார். ஆறு இலக்கத்துக்கும் ஆறு கோடு.

அதனால்தான் வந்தேன். உங்கள் பதிவில், காரணம் என்ற இடத்தில், வாகனக் கோளாறு என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. வண்டி அவரைக் கொல்லவில்லை. இறங்கிய பிறகு அவர் ஐம்பத்தைந்து நிமிடம் உயிரோடு இருந்தார். ஜாக் என் கையில் இருந்தது. தோலும் அளவாக இருந்தது. இரண்டு அடி அடித்தால் எழுந்து வந்து ஆறின சோறு தின்றிருப்பார். நான் அடிக்கவில்லை. காரணம் என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள். வண்டிக்கு நேராகக் குறை ஏதும் இல்லை என்று எழுதுங்கள். எனக்கு எத்தனை வருடம் கொடுத்தாலும் ஆட்சேபணை இல்லை. வண்டியைத் தடிக்கண்ணாடிக்காரர் பெயருக்கு மாற்ற மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அவர் பார்த்துக்கொள்வார், ஒன்பதாவது இடம் காலியாகத்தான் இருக்கிறது.

படித்துக் காட்ட வேண்டியதில்லை, அம்மா. நீங்கள் எழுதும்போதே தலைகீழாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை தப்பில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். அந்த ஒட்டைப் பற்றி நான் சொன்ன இடங்களை மட்டும் முதலில் அடித்துவிடுங்கள். நான் கொலைகாரன் என்று இருந்தால் இருக்கட்டும், வண்டி அசல் இல்லை என்று பொய்யாக ஒரு பதிவு இருக்கக் கூடாது.